ஆஸ்துமாவுக்கான வாய்வழி ஸ்டீராய்டு மருந்துகள்

ஆஸ்துமாவுக்கான வாய்வழி ஸ்டீராய்டு மருந்துகள் என்பவை, மூச்சுக்குழாய்களில் ஏற்படும் அழற்சியைக் குறைக்க மாத்திரையாகவோ பாகுநீராகவோ உட்கொள்ளப்படும் கார்டிகோஸ்டீராய்டு வகை மருந்துகள் ஆகும். பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்லாசகார்ட் ஆகியவை இந்தியாவில் மிகுதியாக வழங்குபவை. கடுமையான இழுப்பின்போது இவை உயிர்காக்கும் மருந்துகள். தேவையின்றியோ அடிக்கடியோ நீண்ட நாட்களோ உட்கொண்டால் எலும்பு, கண், இரத்தச் சர்க்கரை, நோய் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றைக் கெடுப்பவை. இவ்விரு இயல்புகளையும் சேர்த்து அறிவது எல்லா நோயாளிகளுக்கும் வேண்டியதே. மருத்துவமனைக்கு மலைப்பாதையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டிய ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் அதன் தேவை இன்னும் கூடுதல்.

## பெயரும் வகையும்

சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், பட்டினி போன்ற நெருக்கடிகளை உடல் தாங்குவதற்கு இது தேவை. இதன் அமைப்பைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்யப்பட்டவையே கார்டிகோஸ்டீராய்டு மருந்துகள். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்குவதற்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் ஸ்டீராய்டுகள் ஆண்மை இயக்குநீர் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் ஆஸ்துமா மருந்துகளுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை உண்டு.

ஆஸ்துமா தமிழில் ஈழை, இரைப்பு, இளைப்பு எனவும், பேச்சு வழக்கில் இழுப்பு, வீசிங் எனவும் வழங்கப்படுகிறது. இந்நோயில் மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி, சளி மிகுந்து, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்பியூட்டமால் போன்ற மருந்துகள் தசை இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்துகின்றன. வீக்கத்தை அவை குறைப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது ஸ்டீராய்டு.

## வரலாறு

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1948-இல் பிலிப் ஹென்ச், முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்து வியத்தகு பலன் கண்டார். ஹென்ச், எட்வர்டு கெண்டல், டடியூஸ் ரெய்ச்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்துமாவுக்கும் இம்மருந்து முயலப்பட்டது. பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் குழு நடத்திய கார்ட்டிசோன் ஆய்வின் முடிவுகள் 1956-இல் வெளியாயின. அதே காலத்தில் உடலில் உப்பும் நீரும் தேங்குவதைக் குறைவாகவே உண்டாக்கும் பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை புழக்கத்துக்கு வந்தன.

மாத்திரையின் தீமைகள் விரைவில் தெரியவந்தன. நுரையீரலுக்கு மட்டும் மருந்தைச் செலுத்தும் வழி தேடப்பட்டு, 1972-இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து அன்றாடக் கட்டுப்பாட்டுக்கு இன்ஹேலர், கடும் தாக்குதலுக்கு மாத்திரை என்பது பொது விதியாயிற்று.

## மருந்துகளின் ஒப்பீடு

எல்லா ஸ்டீராய்டுகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. அவற்றின் வலிமையும் உடலில் செயல்படும் நேரமும் வேறுபடுகின்றன. கீழ்க்காணும் அளவுகள் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று ஈடானவை.

| மருந்து | ஈடான அளவு | செயல்படும் நேரம் | உப்பு, நீர் தேக்கம் |
|---|---|---|---|
| ஹைட்ரோகார்ட்டிசோன் | 20 மி.கி. | 8–12 மணி | மிகுதி |
| பிரெட்னிசோலோன் | 5 மி.கி. | 12–36 மணி | மிதம் |
| மெத்தில்பிரெட்னிசோலோன் | 4 மி.கி. | 12–36 மணி | குறைவு |
| டெஃப்லாசகார்ட் | 6 மி.கி. | பிரெட்னிசோலோனை ஒத்தது | குறைவு |
| டெக்சாமெத்தசோன் | 0.75 மி.கி. | 36 மணிக்கு மேல் | இல்லை எனலாம் |
| பீட்டாமெத்தசோன் | 0.6 மி.கி. | 36 மணிக்கு மேல் | இல்லை எனலாம் |

மில்லிகிராம் எண் சிறியதாக இருந்தால் மருந்தும் சிறியது என்று எண்ணுவது தவறு. 4 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை ஒன்று, 5 மி.கி. பிரெட்னிசோலோன் மாத்திரை ஐந்துக்கு மேல் ஈடாகும். ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பழைய அளவையே பின்பற்றினால் தீங்கு நேரும்.

பிரெட்னிசோலோன் (வைசோலோன், ஓம்னகார்டில் போன்ற பெயர்களில் கிடைப்பது) உலகெங்கும் ஆஸ்துமாவுக்கு முதல் தேர்வு. விலை குறைவு. செயல்படும் நேரம் ஒரு நாளுக்குப் பொருத்தமாக இருப்பதால் காலையில் ஒரு வேளை போதும். கருவுற்ற பெண்களுக்கும் இதுவே ஏற்றது. நஞ்சுக்கொடி இதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்வதால் கருவைச் சென்றடையும் அளவு குறைவு.

மெத்தில்பிரெட்னிசோலோன் (மெட்ரால்) பயனில் பிரெட்னிசோலோனை ஒத்தது. உப்பும் நீரும் தேங்குவது சற்றுக் குறைவு. மற்றப் பக்கவிளைவுகள் ஒன்றே.

டெக்சாமெத்தசோன் (டெக்சோனா), பீட்டாமெத்தசோன் (பெட்னிசால்) ஆகியவை வலிமை மிக்கவை, நீண்ட நேரம் நிற்பவை. குழந்தைகளின் கடும் தாக்குதலுக்கு டெக்சாமெத்தசோன் ஓரிரு நாள் மட்டும் கொடுப்பது ஏற்கப்பட்ட முறை. வாந்தி குறைவு என்பதும் குறைந்த வேளைகளே போதும் என்பதும் இதன் நன்மைகள். நாள்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் அட்ரீனல் சுரப்பியை இவை கடுமையாக அடக்கிவிடும். ஆகவே அன்றாட மாத்திரையாக ஆஸ்துமாவுக்கு ஏற்றவை அல்ல.

டெஃப்லாசகார்ட் (டெஃப்கார்ட்) பக்கவிளைவு குறைந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஈடான அளவில் கொடுக்கும்போது ஆஸ்துமாவில் இது பிரெட்னிசோலோனைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விலை மட்டும் கூடுதல்.

சுருங்கக் கூறின், பக்கவிளைவைத் தீர்மானிப்பது மருந்தின் பெயரைவிட அதன் அளவும் நாட்களும்தான்.

## கொடுக்கப்படும் முறை

உலக ஆஸ்துமா முன்னெடுப்பு அமைப்பின் வழிகாட்டுதல்படி, கடும் தாக்குதலின்போது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 மி.கி. பிரெட்னிசோலோன் 5 முதல் 7 நாட்கள் தரப்படுகிறது. சிறுவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. வீதம், நாளொன்றுக்கு 40 மி.கி.க்கு மிகாமல், 3 முதல் 5 நாட்கள் தரப்படுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உச்சவரம்பு இன்னும் குறைவு. எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை உட்கொண்டு குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தே மூச்சில் முன்னேற்றம் தெரியும். விழுங்க முடிந்த நோயாளிக்கு மாத்திரையும் ஊசியும் ஒரே அளவு பயன் தருகின்றன. ஊசிதான் வேகமானது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அந்த நான்கு மணி நேரம் நோயாளியைக் காப்பது சால்பியூட்டமாலும் தேவைப்பட்டால் ஆக்சிஜனும் ஆகும்.

இரண்டு வாரத்துக்கு உட்பட்ட மருந்தைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, நிறுத்திவிடலாம். அதற்கு மேல் நீண்டால் திடீரென நிறுத்தக் கூடாது.

## பக்கவிளைவுகள்

### குறுகிய காலத்தில்

சில நாட்கள் மட்டும் உட்கொள்பவர்களுக்கும் பசி மிகுதல், தூக்கமின்மை, எரிச்சல் அல்லது மனக்கிளர்ச்சி, வயிற்றெரிச்சல், கால் வீக்கம், இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயர்தல் ஆகியவை நேரலாம். காலையில் உணவுக்குப் பின் உட்கொண்டால் வயிற்றுத் தொல்லையும் தூக்கக் கேடும் குறையும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை மிகுதியாக ஏறும்; காலை வெறும் வயிற்றுப் பரிசோதனையில் மட்டும் இது தெரியாமல் போகலாம். ஸ்டீராய்டுடன் வலி மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டால் குடற்புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்துமா நோயாளிகள் சிலருக்கு ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளே இழுப்பைத் தூண்டுவதும் உண்டு.

### நீண்ட காலத்தில்

* எலும்பு: எலும்புப்புரை, முதுகெலும்பு நசுங்கல், தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு அது சிதைதல்.
* கண்: கண்புரை, கண் அழுத்த நோய்.
* வளர்சிதை மாற்றம்: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், எடை கூடுதல், முகம் உருண்டு வீங்குதல்.
* தோல், தசை: தோல் மெலிதல், எளிதில் கன்றிப்போதல், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், தொடைத் தசை வலுவிழந்து உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமை.
* குழந்தைகள்: உயர வளர்ச்சி குன்றுதல்.
* தொற்று: காசநோய் மீண்டும் தலைதூக்குதல், பூஞ்சைத் தொற்று, சின்னம்மை கடுமையாதல்.

கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021-இல், இந்தியாவில் பரவலாகக் காணப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய்க்குக் கட்டுப்பாடற்ற நீரிழிவும் அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு பயன்பாடும் முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆஸ்துமாவுக்குத் தரப்படுவதும் இதே மருந்து வகைதான்.

### அட்ரீனல் சுரப்பி அடங்குதல்

உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு ஈடானது. 40 மி.கி. மாத்திரை அதைப்போல் எட்டு மடங்கு. வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. பல வாரங்களுக்குப் பின் மருந்தைத் திடீரென நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்வதில்லை. மிகுந்த சோர்வு, வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தாழ்தல் ஆகியவை தோன்றி, காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ சேரும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதை முதலில் சொல்ல வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

## எத்தனை முறை உட்கொண்டால் தீங்கு?

ஐந்து நாள் மருந்துதானே, அதனால் என்ன என்ற கேள்வி இயல்பானது. நாளொன்றுக்கு 40 மி.கி. வீதம் 5 நாட்களுக்கு 200 மி.கி. ஆகிறது. வாழ்நாளில் ஐந்து முறை இவ்வாறு உட்கொண்டால் 1000 மி.கி., அதாவது 1 கிராம். வாழ்நாள் மொத்த அளவு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை சேரும்போதே நீரிழிவு, கண்புரை, எலும்புப்புரை போன்றவற்றின் வாய்ப்பு உயரத் தொடங்குகிறது என்று 2018-இல் பிரித்தானிய நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. நாள்தோறும் 5 மி.கி. மட்டும் உட்கொள்பவருக்கு ஓராண்டில் 1.8 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது.

ஆண்டுக்கு இருமுறை அல்லது அதற்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுமானால், அன்றாடச் சிகிச்சை போதவில்லை என்பது பொருள். இன்ஹேலர் பிடிக்கும் முறை, புகை, தூசி, தொழில், மருந்தை விட்டுவிட்டு எடுத்தல் ஆகியவற்றை மருத்துவர் மறு ஆய்வு செய்ய வேண்டிய நேரம் அது.

## இன்ஹேலருடன் ஒப்பீடு

இன்ஹேலரில் உள்ளதும் ஸ்டீராய்டுதான் என்று அஞ்சி, "மாத்திரையே போதும்" என்போர் உண்டு. அளவைப் பார்த்தால் இந்த அச்சம் விலகும். புடசோனைட் இன்ஹேலரின் ஒரு முறை அளவு பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். 40 மி.கி. மாத்திரை 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் எண்களை நேராகப் பொருத்த முடியாது என்றாலும், உடலில் கலக்கும் மருந்தின் வேறுபாட்டை இது உணர்த்தும். இன்ஹேலரால் தொண்டை கரகரப்பும் வாய்ப்பூஞ்சையும் வரலாம். உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவை பெரிதும் குறையும்.

குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தவறாமல் எடுப்பவர்களிடம் ஆஸ்துமா இறப்பு குறைகிறது என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான கனடா ஆய்வில் தெரியவந்தது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியாவில் உள்ளனர் என்றும், உலக ஆஸ்துமா இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இங்கேயே நிகழ்கின்றன என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. இன்ஹேலர் உரியவரைச் சென்றடையாதது இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

## ஜவ்வாது மலைச் சூழலில்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் முக்கிய ஊர். போளூர், ஆலங்காயம், அமிர்தி ஆகிய பக்கங்களிலிருந்து மலைப்பாதைகள் இங்கு வருகின்றன. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டும் தேன், புளி, கடுக்காய் போன்றவற்றைச் சேகரித்தும் வாழ்கின்றனர். சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள், வளைவுகள் மிகுந்த சாலை, இரவுக் குளிர், விறகடுப்புப் புகை ஆகியவை மூச்சிரைப்பு நோயாளிக்கு எதிரானவை.

### குடற்புழுவும் ஸ்டீராய்டும்

ஸ்டீராய்டு குறித்து இம்மலைக்கு உரிய தனிக்கவனம் ஒன்று உண்டு. மண்வழிப் பரவும் குடற்புழுக்களை ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்து ஒழிக்க முடியுமா என்று அறிய, பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் டீவார்ம்3 என்ற பேராய்வு நடத்தப்பட்டது. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதை மேற்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும். அங்கு முதன்மையாகக் காணப்பட்டது கொக்கிப்புழு.

கொக்கிப்புழுவைப் போலவே வெறுங்காலின் தோல் வழியாக நுழையும் மற்றொரு புழு ஸ்ட்ராங்கைலாய்டிஸ். டீவார்ம்3 ஆய்வின் இலக்குப் புழுக்களுள் இது இல்லை. என்றாலும் வெறுங்காலும் மலம் கலந்த ஈரமண்ணும் இரண்டுக்கும் பொது வாயில். இப்புழு உடலுக்குள்ளேயே பெருகிப் பல்லாண்டுகள் ஓசையின்றித் தங்கக்கூடியது. ஸ்டீராய்டால் எதிர்ப்பாற்றல் தாழும்போது புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், மூளை வரை பரவி உயிரைப் பறிக்கலாம். மேலும், இதன் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகச் செல்லும்போது இருமலும் இழுப்பும் வரும். அதை ஆஸ்துமா எனக் கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றும். மாத்திரை தொடங்கிய பின் இழுப்பு கூடினாலோ, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தோலில் ஊர்வது போன்ற தடிப்பு தோன்றினாலோ இதை ஐயுற வேண்டும். வழக்கமான அல்பெண்டசோல் இப்புழுவுக்கு அவ்வளவாகப் பயன் தருவதில்லை, ஐவர்மெக்டின் தேவைப்படுகிறது.

யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஈசினோபிலியா, காசநோய், நெடுநாள் புகையால் வரும் நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவையும் ஆஸ்துமா போலத் தோன்றலாம். ஆகவே நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்குமுன் சளி, இரத்தம், மலம் ஆகியவற்றின் பரிசோதனை பொருள் உள்ளதாகிறது.

### தொலைவும் நேரமும்

மாத்திரை வேலை செய்ய நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், மலையூரில் இருப்பவர் அதை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. ஒரு சொற்றொடரை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், குழப்பம் அல்லது மயக்கம் ஆகியவை கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

பயணத்தின்போது சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 4 முதல் 10 அழுத்தங்கள் கொடுப்பது வழிகாட்டுதல்களில் உள்ள முறை. ஸ்பேசர் இல்லையெனில் அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் செய்து 1999-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இத்தகைய பாட்டில் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு நிகராகப் பயன் தந்தது.

தாக்குதல் அடிக்கடி வருபவர்க்கு ஒரு முறைக்கான பிரெட்னிசோலோனை வீட்டில் வைத்திருக்க மருத்துவர் எழுதித் தரலாம். எப்போது தொடங்குவது, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்பது தாளில் தெளிவாக இருக்க வேண்டும். மாத்திரையைத் தொடங்குவது மருத்துவமனைப் பயணத்துக்கு மாற்று ஆகாது.

## சட்டமும் புழக்கமும்

ஸ்டீராய்டு மாத்திரைகள் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத ஹெச் அட்டவணையில் உள்ளவை. உட்கொள்ளும் ஸ்டீராய்டை வேறொரு மருந்துடன் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்பதையும் அரசு தடை செய்துள்ளது. இன்ஹேலர்களுக்கு விலக்கு உண்டு. நடைமுறையில் பழைய சீட்டைக் காட்டியும், பெயரைச் சொல்லியும் மாத்திரை வாங்குவது தொடர்கிறது. உறையிலிருந்து பிரித்துப் பொட்டலமாகத் தரப்படும் வெள்ளை மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரிவதில்லை.

நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சில பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை இந்தியாவில் நடந்த ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. பல ஆண்டு இழுப்பு ஒரே நாளில் நின்று, பசி மிகுந்து, சில வாரங்களில் முகம் உருண்டு வந்தால் ஐயம் கொள்ள வேண்டும். இத்தகைய மருந்தையும் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால் மீதமுள்ள பொடியுடன் மருத்துவரிடம் செல்வதே முறை.

## கண்காணிப்பு

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. ஸ்டீராய்டு உட்கொள்பவர் அதைப் பணியாளரிடம் சொன்னால் இப்பரிசோதனைகள் இரட்டிப்புப் பயன் தரும். நீண்ட நாள் உட்கொள்பவருக்குப் பின்வருவன தேவை:

* உட்கொண்ட நாளும் அளவும் எழுதிய ஒரு சிறு குறிப்பேடு
* இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, குழந்தைகளுக்கு உயரமும்
* ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை
* சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும். கேழ்வரகு, கீரை, பால் உணவில் சேர்தல்
* இரண்டு வாரத்துக்கு மேல் உயர் அளவு மருந்து பெற்ற குழந்தைக்கு உயிருள்ள கிருமித் தடுப்பூசி போடுமுன் மருத்துவரிடம் கேட்டல்
* காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவர் அதைத் தெரிவித்தல். அம்மருந்து பிரெட்னிசோலோனின் பயனைக் குறைக்கும்
* தோட்டத்துக்கும் வயலுக்கும் செல்லும்போது செருப்பு அணிதல், கழிப்பறையைப் பயன்படுத்தல்

கடும் தாக்குதலின்போது பக்கவிளைவுக்கு அஞ்சி ஸ்டீராய்டை மறுப்பதும் தவறே. ஐந்து நாள் மருந்தால் வரக்கூடிய தீங்கைவிட, மூச்சுத் திணறலைக் கவனிக்காமல் விடுவதால் வரும் தீங்கு பன்மடங்கு பெரிது. கருவுற்ற தாய்க்கும் இது பொருந்தும். தாயின் மூச்சுத் திணறல் கருவிலுள்ள குழந்தைக்குச் செல்லும் ஆக்சிஜனையும் குறைக்கிறது.